தலைச்சாயம் பூசும் முன் 48 மணி நேரம் காத்திருங்கள்

வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு பொருள் தோலில் படுவதால் உண்டாகும் ஒவ்வாமை இருக்கிறது. கவரிங் நகையில் கலந்திருக்கும் நிக்கலே இதில் முதலிடம் பெறுகிறது என்றாலும், நரையை மறைப்போர் கவனிக்க வேண்டியது தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்னும் வேதிப்பொருளைத்தான். பல ஆண்டுகள் தொல்லையின்றிப் பூசி வந்தவருக்கும் திடீரென ஒருநாள் ஒவ்வாமை தொடங்கலாம். சாயம் பூசுவது தலையில். ஆனால் ஓரிரு நாள் கழித்து இமைகள் வீங்குவதும், காதுமடலும் பிடரியும் சிவந்து அரித்து நீர் கசிவதுமே பெரும்பாலும் முதலில் தெரியும் என்பதால், பலர் அதைப் பூச்சிக்கடி என்றே எண்ணிவிடுகிறார்கள்.

எனவே ஒவ்வொரு முறையும், பாக்கெட்டில் சொல்லியுள்ள முறைப்படி சிறிதளவு சாயத்தைத் தோலில் தடவி, 48 மணி நேரம் காத்திருந்து, அரிப்போ தடிப்போ இல்லையெனில் மட்டும் தலைக்குப் பூசுங்கள். (நாமோ கல்யாணத்துக்கு முந்தைய இரவில்தான் பாக்கெட்டையே பிரிக்கிறோம்!) கறுப்பு மருதாணி என்று விற்கப்படுவதிலும் இதே பொருள் இருக்கக்கூடும், இயற்கை மருதாணி செம்மை தருமே தவிரக் கறுப்பு தராது. ஒருமுறை ஒவ்வாமை கண்டவர் வேறு பிராண்டைத் தேடாமல், எந்தப் பொருள் ஒவ்வாதது என்பதைத் தோலில் ஒட்டிப் பார்த்துக் கண்டறியும் ஒட்டுப் பரிசோதனையை (patch test) தோல் மருத்துவரிடம் செய்துகொள்வது நல்லது. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.