சொங்க்ரானைக் காண எந்த ஊருக்குப் போவது?

தாய்லாந்தின் பாரம்பரியப் புத்தாண்டான சொங்க்ரான் ஆண்டுதோறும் ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று நாள்களில் கொண்டாடப்படுகிறது. நம்முடைய சித்திரைப் புத்தாண்டு பெரும்பாலும் அதன் நடுநாளில் அமைகிறது. சூரியன் மேட ராசிக்குள் நுழைவதை ஆண்டின் தொடக்கமாகக் கொள்ளும் பழைய கணக்கே இரண்டுக்கும் அடிப்படை. ஆகவே, சிங்கப்பூரிலிருந்து புறப்பட எண்ணும் தமிழ்க் குடும்பம் ஊரைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, புத்தாண்டுக் காலையில் வீட்டில் இருக்க வேண்டுமா, வெளியூரில் இருக்கலாமா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு முடிவுக்கும் ஏற்ற ஊர்கள் உண்டு. சொங்க்ரான் எல்லா இடங்களிலும் 15ஆம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை.

விமானச் சீட்டு எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று பார்த்து ஊரை முடிவு செய்கிறவர்கள், மூன்று நாள்களும் ஒரே தெருவில் நனைந்துவிட்டு, தண்ணீர்த் துப்பாக்கியும் உரத்த இசையும்தான் சொங்க்ரான் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்புகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் மகிழ்ச்சி உண்டு. நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன்னுடைய அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட விழா அந்தத் தெருவைக் காட்டிலும் மிக விரிவானது. புத்தர் திருவுருவங்களுக்கு வாசனை நீராட்டுவார்கள். பெற்றோர், பெரியோரின் உள்ளங்கைகளில் நீர் வார்த்து வாழ்த்துப் பெறுவார்கள். துறவிகளுக்கு உணவு அளிப்பார்கள். கோயில் வளாகங்களில் மணலால் சிறு தூபிகள் எழுப்புவார்கள். ஆண்டு முழுவதும் கோயிலுக்கு வந்து போனவர்களின் காலில் ஒட்டி வெளியேறிய மண்ணைத் திருப்பிச் செலுத்துவதாக அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். 13ஆம் தேதி முதியோர் நாளாகவும் 14ஆம் தேதி குடும்ப நாளாகவும் அந்நாட்டில் அனுசரிக்கப்படுகின்றன.

இவற்றில் எதைக் காண ஆசைப்படுகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், ஊர் தானாகவே அமைந்துவிடும். பொதுவாகச் சடங்குகள் காலையில் நடக்கின்றன. நண்பகலுக்குப் பிறகு தெருக்கள் தண்ணீருக்கு உரியவை. பிற்பகலில் சாலைகள் அடைக்கப்பட்டு வாகனங்கள் நகர முடியாமல் போவதால், நல்ல கோயில் ஒன்றுக்கு நடந்தே போகக்கூடிய தங்குமிடத்தைத் தேடுவது, ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு அடுத்தபடியாக முக்கியமானது. பெரிய ஹோட்டலைவிட, ஒரு குடும்பம் நடத்தும் சிறிய விடுதி இந்த மூன்று நாள்களுக்கு மேலானது என்பது என் கருத்து. பெரியோருக்கு நீர் வார்க்கும் சடங்கு பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பது. கலந்துகொள்ள விரும்புவதாக முன்கூட்டியே மரியாதையோடு சொல்லி வைத்தால், விடுதிக்காரர்கள் தங்கள் குடும்பத்துப் பெரியவர்களிடமே உங்களை அழைத்துப் போகக்கூடும்.

முதன்முறை செல்பவர்கள்: சியாங் மாய்

முதன்முறை செல்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஊர் சியாங் மாய். 1296இல் மன்னர் மங்ராய் நிறுவிய இந்நகரம் லன்னா அரசின் தலைநகராக இருந்தது. அதன் பழைய நகர்ப்பகுதி அகழி சூழ்ந்த சதுரமாக இன்றும் இருக்கிறது. சதுரத்துக்குள் கோயில்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. தண்ணீர் விளையாட்டு அகழிக் கரையிலும் தா பே வாயிலைச் சுற்றியும் நடக்கிறது. ஆகவே காலையில் கோயில், பிற்பகலில் அகழிக் கரை என்று இரண்டையும் காலாலேயே நடந்து பார்த்துவிடலாம்.

13ஆம் தேதி வாட் பிரா சிங் கோயிலின் பிரா சிங் புத்தர் திருவுருவம் ஊர்வலமாக எடுத்து வரப்படுகிறது. சாலையின் இருபுறமும் மக்கள் சிறு கிண்ணங்களோடு காத்திருந்து வாசனை நீரைத் தெளிக்கிறார்கள். வடதாய்லாந்தில் அந்த நீரில் மஞ்சளும் சீயக்காயும் கலக்கப்படுகின்றன. நம் வீடுகளில் எண்ணெய்க் குளியலுக்கு எடுத்து வைக்கும் அதே சீயக்காய்தான் அங்கே தீமையைக் கழுவிப் போக்கும் பொருளாகக் கருதப்படுகிறது. 14ஆம் தேதி பிங் ஆற்று மணலைக் கோயில்களுக்குச் சுமந்து சென்று தூபி எழுப்பி, வண்ணக் காகிதக் கொடிகளை நடுகிறார்கள். அன்று கடுஞ்சொல் பேசினால் ஆண்டு முழுவதும் அது தொடரும் என்பது வடபகுதியினரின் நம்பிக்கை. 15ஆம் தேதிதான் அவர்களுக்குப் புத்தாண்டின் தலையாய நாள். அன்று காலை கோயிலில் உணவும் காணிக்கையும் செலுத்திவிட்டு, குடும்பம் குடும்பமாகப் பெரியோரைத் தேடிச் செல்கிறார்கள். இதை அறியாமல் 14ஆம் தேதி மாலைக்கோ 15ஆம் தேதி காலைக்கோ திரும்பும் விமானத்தைப் பதிவு செய்துவிடாதீர்கள். 16ஆம் தேதிக்கு முன்பு சியாங் மாயை விட்டுப் புறப்படுவது விழாவின் சாரத்தை விட்டுவிட்டு வருவதாகும்.

இந்த ஊருக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்வெளிகளில் எரிக்கப்படும் பயிர்த்தாளும் காட்டுத்தீயும் சேர்ந்து வடபகுதி முழுவதையும் புகைமூட்டத்தில் ஆழ்த்துகின்றன. சில ஆண்டுகளில் சொங்க்ரானுக்குள் மழை பெய்து காற்று தெளிந்துவிடும். சில ஆண்டுகளில் தெளியாது. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையோடு செல்பவர்களும் வேறு ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மற்றவர்கள், கட்டணத்தைத் திரும்பப் பெறக்கூடிய அறையைப் பதிவு செய்துவிட்டு, புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் காற்றுத் தரத்தைக் கவனித்து முடிவெடுக்கலாம். சியாங் மாயிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாம்பாங் நகரில், பெரிய வெள்ளிக் கிண்ணம் ஒன்றில் மக்களின் வாசனை நீரைச் சேகரித்துக்கொண்டு ஊர்வலம் செல்லும் வழக்கம் உண்டு. அங்கே வெளிநாட்டுப் பயணிகளின் நெரிசலும் குறைவு.

பேங்காக்

பேங்காக்கில் சொங்க்ரான் பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. எந்தத் துண்டு வேண்டும் என்பதைப் பொறுத்துத் தங்குமிடத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். புத்தாண்டன்று கோயிலுக்குப் போகாமல் இருக்க மனம் ஒப்பாதவர்களுக்குச் சீலோம் சாலை பொருத்தமானது. 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் அமைத்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. தாய்லாந்து மக்களும் அங்கே பெருமளவில் வந்து வழிபடுகிறார்கள். காலையில் அம்மனைத் தரிசித்துவிட்டு, பிற்பகலில் அதே சாலையின் மறுமுனையிலுள்ள சாலா டேங் ரயில் நிலையப் பகுதிக்கு வந்தால், நகரின் மிகப் பெரிய தண்ணீர்க் கொண்டாட்டங்களில் ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கும். நனைய விரும்பாத பெரியவர்கள் நிலையத்தை ஒட்டிய மேல்நடைபாதையில் நின்று பார்க்கலாம்.

சடங்குகளைத் தேடுகிறவர்கள் அரண்மனை, வாட் போ, சனாம் லுவாங் திடல் ஆகியவை அமைந்த பழைய நகரப் பகுதியில் தங்க வேண்டும். தேசிய அரும்பொருளகத்தின் புத்தாய்சவான் மண்டபத்தில் உள்ள பிரா புத்த சிஹிங் திருவுருவத்தைச் சொங்க்ரானின்போது மக்கள் நீராட்டி வணங்க வெளியே கொண்டு வருகிறார்கள். ஊர்வலங்களில் விலங்கு வாகனத்தில் வரும் பெண்ணைக் கண்டால், அவர் சொங்க்ரான் தேவியின் வேடத்தில் இருப்பவர் என்று அறிந்துகொள்ளுங்கள். கபில மகா பிரம்மன் ஓர் அறிவுள்ள இளைஞனிடம் விடுகதைப் பந்தயத்தில் தோற்றுத் தன் தலையை இழந்தான் என்பது கதை. தரையில் விழுந்தால் உலகையே எரித்துவிடும் அந்தத் தலையை அவனுடைய ஏழு மகள்களும் ஆண்டுக்கு ஒருவராக ஏந்தி வருகிறார்கள். எந்தக் கிழமையில் சொங்க்ரான் பிறக்கிறதோ, அதற்குரிய மகள் அந்த ஆண்டின் தேவியாகிறாள். சிறுவர்களுக்கு இந்தக் கதையை விமானத்திலேயே சொல்லி வைத்தால், ஊர்வலம் அவர்களுக்கு வெறும் அலங்காரமாகத் தோன்றாது. காவ் சான் சாலை இளைஞர்களுக்கானது. அங்கே நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால் சிறுவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம்.

நக்கோன் சி தம்மராட்

தமிழ் வாசகர்களுக்கு நான் ஆர்வத்தோடு பரிந்துரைக்கும் ஊர் இதுதான். சிங்கப்பூரிலிருந்து சொங்க்ரானுக்கு இங்கே போவோர் மிகக் குறைவு. தெற்குத் தாய்லாந்தின் இந்தப் பழமையான நகரில் பெரிய பௌத்த மகாதாது ஆலயமும், சிவனுக்கான சிறு கோயிலும், ஊஞ்சல் கம்பமும் உள்ளன. சொங்க்ரான் நாள்களில் இங்கே ‘ஹே நாங் தான்’ என்னும் பிராமண மரபுச் சடங்கு நடைபெறுகிறது. சிவபெருமான் பூமிக்கு வருகை தருவதை வரவேற்கும் முகமாக, சூரிய சந்திரர், பூமாதேவி, கங்கை ஆகியோரைச் செதுக்கிய மூன்று மரப்பலகைகளை ஊர்வலமாகச் சிவன் கோயிலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். தாய்லாந்தின் புத்தாண்டு பௌத்தத்தோடு பிராமண மரபையும் சுமந்து வருகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஊர் வேறொன்று எனக்குத் தெரியாது. பேங்காக்கிலிருந்து உள்நாட்டு விமானத்திலோ, ஹாட்யாயிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரத்திலோ போய்ச் சேரலாம்.

ஹாட்யாய் சிங்கப்பூரர்களுக்கும் மலேசியர்களுக்கும் பழகிய ஊர். மலேசியா வழியாகப் பேருந்திலேயே போய்விடலாம். அங்கே கொண்டாட்டம் கடைத்தெருவைச் சுற்றி நடக்கிறது. சடங்குகளைக் காண்பதற்கென்று அங்கே மட்டும் போகத் தேவையில்லை. தென்கோடி மாநிலங்களில் வன்முறைச் சம்பவங்கள் நடப்பதால், ஹாட்யாய்க்கோ அதற்கு அப்பாலோ செல்பவர்கள் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனையைப் படித்து, பயண விவரத்தை அமைச்சிடம் பதிவு செய்துவிட்டுப் புறப்பட வேண்டும். புக்கெட்டிலும் பாட்டாயாவிலும் கடற்கரை விடுமுறையோடு தண்ணீர் விளையாட்டு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். வடகிழக்கில் கோன் கேன் நகரம் தன்னுடைய ‘காவ் நியாவ்’ சாலைக் கொண்டாட்டத்தை மதுவின்றி நடத்துவதால், பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அதை எண்ணிப் பார்க்கலாம்.

புத்தாண்டை வீட்டில் கொண்டாடிவிட்டுப் புறப்படுகிறவர்கள்

14ஆம் தேதி காலையில் கோயிலுக்குச் சென்று, மாங்காய்ப் பச்சடியோடு குடும்பமாக உணவருந்திய பிறகு, 15ஆம் தேதி விமானம் ஏறினாலும் சொங்க்ரானைக் காணலாம். தாய்லாந்து வளைகுடாவை ஒட்டிய சோன்புரி மாநிலத்தில் ‘வான் லாய்’ என்ற பெயரில் விழா ஒரு வாரம் நீள்கிறது. பேங்காக்கிலிருந்து சாலை வழியாக எளிதில் அடையக்கூடிய பாங் சேன் கடற்கரையில் வழக்கமாக 16, 17ஆம் தேதிகளில் அது நடைபெறுகிறது. மணல் தூபிகளை மிகுந்த அழகோடு கட்டுவதில் அந்தக் கடற்கரைக்குப் பெயர் உண்டு. பாட்டாயாவில் அது 19ஆம் தேதியையொட்டி வருகிறது. சொங்க்ரானுக்குப் பிந்திய ஒரு வார இறுதியில், பேங்காக்கை அடுத்துச் சாவ் பிராயா ஆற்றங்கரையிலுள்ள பிரா பிரடேங்கில் மோன் இன மக்கள் தங்கள் சொங்க்ரானைக் கொண்டாடுகிறார்கள். அன்னப் பறவையும் பூரான் வடிவ நீண்ட கொடியும் செல்லும் ஊர்வலமும், இளம் ஆண்களும் பெண்களும் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ‘சபா’ விளையாட்டும் அதன் சிறப்புகள். சிங்கப்பூரில் அது பள்ளி நடக்கும் காலம் என்பதால், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இந்தப் பிந்திய விழாக்களே வசதியானவை. 2027இல் 16ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக அமைவதால், ஒரே நாள் விடுப்பில் பாங் சேன் போய்வரலாம்.

புறப்படும் முன்

விழாவுக்குச் சொந்த ஊர் திரும்பும் தாய்லாந்து மக்களால் 11, 12ஆம் தேதிகளில் ரயில்களும் பேருந்துகளும் நிரம்பிவிடுகின்றன. உள்நாட்டில் ஊர் மாறும் திட்டம் இருந்தால், அந்தச் சீட்டை விமானச் சீட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். முடிந்தால் ஒரே ஊரில் இருந்துவிடுவது இன்னும் நல்லது. சொங்க்ரானைச் சூழ்ந்த நாள்களை அந்நாட்டில் ‘ஏழு ஆபத்தான நாள்கள்’ என்றே குறிப்பிடுகிறார்கள். சாலை விபத்துகள், குறிப்பாக மோட்டார்சைக்கிள் விபத்துகள், அப்போது மிகுதியாக நடக்கின்றன. அந்த நாள்களில் மோட்டார்சைக்கிளை வாடகைக்கு எடுக்காதீர்கள். தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர்கள் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அரசாங்க இணையத்தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

துறவிகள், முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்கள் ஆகியோர் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. பெண்கள் துறவிகளைத் தொடுவதும், அவர்கள் கையில் நேரடியாகப் பொருளைக் கொடுப்பதும் வழக்கமில்லை. கோயிலுக்குத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை தேவை. நனைந்தால் உடலோடு ஒட்டும் மெல்லிய துணியைத் தவிர்ப்பது நல்லது. யாரேனும் கன்னத்தில் வெள்ளை நிறச் சுண்ணக் களிம்பைப் பூச வந்தால், அது வெயிலுக்குக் குளிர்ச்சி தரும் பழைய வழக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்றால் கைகூப்பி மறுக்கலாம். சைவ உணவு உண்பவர்கள், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் குறிக்கப்படும் ‘ஜே’ கடைகளைத் தேட வேண்டும். மற்றக் கடைகளில் காய்கறி உணவிலும் மீன் சாறு சேர்வது வழக்கம். சிறிய ஊர்களில் பல கடைகள் மூன்று நாள்களும் மூடியிருக்கும். இரண்டு வேளைக்கான உணவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.