மோனேயின் கடற்கரையைப் பார்க்கப் பழகுவது எப்படி?

மதுரைக்காரர்களுக்குச் சுவரோவியம் என்றாலே கதைதான். அழகர்கோவில் வசந்த மண்டபத்தில் நின்றால், ராமன் எங்கே, அனுமன் எங்கே என்று கண் தானாகத் தேடும். இம்ப்ரஷனிச ஓவியத்தில் (அந்தக் கணத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் வேகமான தீற்றல்களில் பிடிக்கும் பிரெஞ்சு பாணி) அப்படித் தேடினால் ஒன்றும் பிடிபடாது. அங்கே வெளிச்சத்தை முதலில் பார்க்க வேண்டும், ஆட்களை அப்புறம் பார்க்கலாம்.

பழகுவதற்கு பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே 1867-ல் வரைந்த 'சேந்த் அத்ரேஸ் கடற்கரை' நல்ல ஓவியம். சேந்த் அத்ரேஸ் பிரான்சின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் ஊர். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் இணையதளத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முடிந்தால் கம்ப்யூட்டர் திரையில் பாருங்கள்.

படி 1: வானிலை

சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். உருவங்கள் மங்கி, நிறங்கள் மட்டும் நிற்கும். மேகம் மூடிய வானம், சாம்பல் கலந்த கடல், அழுத்தமில்லாத நிழல். மப்பும் மந்தாரமுமான ஒரு பகல் பொழுது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: தூரிகைத் தடம்

இப்போது ஜூம் செய்யுங்கள். தூரத்து ஆட்களுக்குக் கண், மூக்கு எதுவும் இல்லை. இரண்டு மூன்று தீற்றல்தான் ஒரு மனிதர். ஒரே தீற்றலில் ஒரு பாய்மரம் முடிந்துவிடுகிறது. "அரைகுறையாக இருக்கிறதே" என்று தோன்றினால் பொறுங்கள். திறந்தவெளியில் வரைபவருக்கு வெளிச்சம் காத்திருக்காது, அதனால் கை வேகமாகப் போக வேண்டும். வெளியே எடுத்துப் போக வசதியாக 1841-ல் வந்த உலோக டியூப் வண்ணங்கள்தான் இப்படித் திறந்தவெளியில் வரைவதைச் சுலபமாக்கின. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் மோனேயின் 'த்ரூவில் கடற்கரை' (1870) ஓவியத்தில், வண்ணத்தோடு சேர்ந்து கடற்கரை மணலே ஒட்டியிருக்கிறது. கரையில் உட்கார்ந்து வரைந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

படி 3: யார் எங்கே?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நமக்குப் பக்கத்தில் கரையேற்றிய மீன்பிடிப் படகுகள், மீனவர்கள். அவர்களைத் தாண்டி, நீர் ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஆண் தொலைநோக்கியால் கடலைப் பார்க்கிறார். தூரத்தில் வெள்ளைப் பாய்கள். பிழைப்புக்குக் கடலுக்குப் போகிறவர்களும் பொழுதுபோக்க வந்தவர்களும் ஒரே மணலில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மீனவ ஊர் ஒன்று சுற்றுலா ஊராக மாறிக்கொண்டிருந்த காலம் அது. மோனே மீனவர்களை முன்னால் வைத்ததை நான் சும்மா நடந்த ஒன்றாக நினைக்கவில்லை.

படி 4: ஜோடி ஓவியம்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோனேயின் 'சேந்த் அத்ரேஸ் படகுப் போட்டி'யைப் பக்கத்தில் வையுங்கள். அதே ஆண்டு, அதே கரை, கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் இங்கே நல்ல வெயில், கடல் ஏறியிருக்கிறது, நன்றாக உடுத்திய கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. வெளிச்சம் மாறியதும் கரையில் இருக்கும் ஆட்களும் மாறிவிட்டார்கள், கவனித்தீர்களா?

படி 5: வெளியே போய்ப் பாருங்கள்

தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில், சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போங்கள். படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடினால் மைய மண்டபம், அதன் பிம்பம், எதிர்க்கரை ஆட்கள் எல்லாம் வண்ணத் திட்டுகளாகும். வெளிச்சம் எப்படி, எந்த நிறம் முதலில் கண்ணில் பட்டது, யார் எங்கே இருந்தார்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். வீட்டுக்கு வந்து, மோனேயின் இரண்டு ஓவியங்களுக்கும் அதே மூன்று வரியை எழுதிப் பாருங்கள்.