மலையிறங்கிய காரின் சைலன்சரைக் கவனியுங்கள்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி சேலம் திரும்பிய மறுநாள், எங்கள் கார் டிராக்டர் போல உறுமியது. இன்ஜின் ஆறியிருந்த காலை வேளையில் குனிந்து பார்த்தேன். குழாய் இணைப்பில் மை தீட்டியதுபோல் கரி. புகை கசியும் இடத்தில்தான் அப்படிப் படியும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்றும் அறுந்து கிடந்தது. அதை அன்றே மாற்றிவிடுங்கள்; விட்டால் குழாயே ஆடி ஆடி விரிசல் விடும்.

ஓடி நின்ற வண்டியின் குழாயில் கை வைக்காதீர்கள். காய்ந்த புல்லின்மேல் நிறுத்தவும் வேண்டாம், தீப்பிடிக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது முட்டாள்தனம்.

இந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலைக்குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பயணத்தில் தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் வண்டியை நிறுத்தி, எல்லோரும் வெளியே இறங்குங்கள்.

பனிக்காலையில் குழாயில் சொட்டும் தண்ணீரும் வெண்ணிற ஆவியும் கோளாறல்ல. சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது; மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.