லேக் ட்ரவுட்டுக்கு ஃப்ளை வீசுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கனடாவின் வடக்கே கிரேட் பேர், கிரேட் ஸ்லேவ், தெற்கே இறங்கினால் சுப்பீரியர்: லேக் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் வாழும் ஏரிகள் இவை. ஃப்ளை (இறகும் நூலும் சுற்றிய செயற்கை இரை) தூண்டிலோடு போகிறவர்களில் பலர் ஆற்று ட்ரவுட் பிடித்த பழக்கத்தையும் சுமந்து போகிறார்கள். ஆனால் இது பெயரளவில்தான் ட்ரவுட், இனத்தால் ‘சார்’ (char) என்னும் மீன் வகை. வளர்ந்த மீன் தேடுவது சிஸ்கோ போன்ற சிறுமீன்களை. மிதக்கும் குட்டிப் பூச்சியைக் கட்டிக்கொண்டு நின்றால் பொழுதுதான் போகும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மே மாதம் மீன் கிடைத்த இடத்திலேயே ஜூலையிலும் நிற்பது. இதற்குப் பிடித்த நீர் சுமார் 10 டிகிரி செல்சியஸ். பனிக்கட்டி உருகிய சில வாரங்களுக்குக் கரையோரமே குளிர்ந்திருக்கும். இடுப்பளவு நீரிலும் மீன் வரும். கோடையில் மேல்நீர் சூடேறியதும் அடியிலுள்ள குளிரைத் தேடி இறங்கிவிடும். ஒன்ராறியோ ஏரிகள் பலவற்றில் அது ஃப்ளை எட்டாத ஆழம். கிரேட் பேர் ஏரியிலோ ஆகஸ்டிலும் நீர் பெரிதாகச் சூடாவதில்லை, அதனால் அங்கே கோடை முழுக்க வீசலாம். ஒரு வெப்பமானியை நூலில் கட்டி இறக்கிப் பாருங்கள். விலை உயர்ந்த ராடைவிட (தூண்டில் கோலைவிட) அது உதவும் என்பது என் கட்சி.

அடுத்தது பொறுமை. வேகமாக மூழ்கும் டைப் 6 லைன்கூட (ஃப்ளையை வீச உதவும் கனமான நூல்) நொடிக்கு 6 அங்குலம்தான் இறங்கும். 20 அடி போக 40 நொடி. பதினைந்து எண்ணுவதற்குள் நமக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடுகிறது. மூழ்கும் லைனில் 9 அடி லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல்) கட்டுவதும் வீண். லைன் கீழே கிடக்க, ஃப்ளை மேலேயே தங்கிவிடும். 4 அடி போதும்.

கடித்ததும் ராடைத் தூக்காதீர்கள். நுனியை நீரை நோக்கி வைத்து, கையால் லைனை வெடுக்கென்று இழுங்கள். படகுவரை துரத்தி வரும் மீனைக் கண்டால் கை அப்படியே நின்றுவிடும், எல்லோருக்கும். துரத்தப்படும் சிறுமீன் எங்காவது நிற்குமா? இழுப்பின் வேகத்தைக் கூட்டுங்கள்.

பிடித்த மீனைப் படத்துக்காகச் செவுளில் தூக்கித் தொங்கவிடுவது எனக்குப் பொறுக்காது. குளிர்நீரில் மிக மெதுவாக வளரும் மீன் இது. கிரேட் பேர் ஏரியில் 50 வயதைத் தாண்டியவையும் உண்டு. 1995இல் 72 பவுண்டு மீன் தூண்டிலில் சிக்கியதும் அங்கேதான். எதிர்முள் (barb) இல்லாத கொக்கியைக் கட்டுங்கள். கிரேட் பேர் இருக்கும் வடமேற்குப் பிரதேசங்களில் அது சட்டமும்கூட. விடப்போகும் மீனை நீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கையின் அடியில் போட்டுவைக்க வேண்டாம். அந்த நீரில் விழுந்தால் சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும். பட்டையை மாட்ட அப்போது கை வராது.