ஒரே குழந்தை, மூன்று பெயர்: தெரபி தேதி கிடைத்த கதை

என் தங்கை மகன் குறைமாதத்தில் பிறந்தவன். கழுத்து நிற்கத் தாமதமானதால் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வரும் மையம் இது. பரிசோதனை, பிசியோதெரபி எல்லாம் இலவசம்.

ஆனால் போகும்போதெல்லாம் அவனைப் புதுக் குழந்தையாகவே பதிந்தார்கள். முடித்த பரிசோதனைக்கே மறுபடி சீட்டு. தெரபி தேதி மட்டும் வரவில்லை. கணினிக் கோளாறு என்றார்கள், காத்திருந்தோம். புதுப் பரிந்துரைக் கடிதம் வாங்கினோம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் கேட்டாயிற்று. ஒன்றும் நகரவில்லை.

எல்லாத் தாள்களையும் பாயில் பரப்பி வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பேபி ஆஃப்' போட்டுத் தங்கையின் பெயர். அங்கன்வாடிப் பதிவேட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். மையத்துச் சீட்டில் இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் பெயர் இடமே காலி!

முதலில் சான்றிதழில் பெயர் சேர்த்தோம். பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் என்றால் இதற்குக் கட்டணம் கிடையாது. அப்புறம் தாய் சேய் நல அட்டையில் இருக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை (தாய் சேய் நலப் பதிவு எண்) எல்லாத் தாள்களின் மேலேயும் எழுதி, பழைய பதிவுகளை ஒன்றாக்கித் தரச் சொன்னோம். அன்றே தெரபி தேதி கிடைத்தது. பெரிய நிம்மதி.

இன்னொன்று. ஓ.ஏ.இ. செவிப் பரிசோதனைக்குக் குழந்தை அமைதியாக இருக்க வேண்டும். தூங்கினால் ரொம்ப நல்லது. அதே நாளில் பிசியோவும் இருந்தால் செவிப் பரிசோதனையை முதலில் கேட்டு வாங்குங்கள். அழுகிற பிள்ளைக்கு அதை எடுக்க முடியாது.