போகவும் வரவும் ஒரே வினை: கொரிய மொழியில் ‘ச்சுரிப்பதா’வைக் கற்கும் முறை

கொரிய மொழி கற்கத் தொடங்குபவர்கள் முதல் சில பாடங்களுக்குள்ளேயே ‘துரொகதா’, ‘நகதா’ என்னும் இரண்டு வினைகளைப் படித்துவிடுகிறார்கள். முன்னது உள்ளே போவதையும், பின்னது வெளியே போவதையும் குறிக்கும். வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் இவை போதும். ஆனால் தொழிற்சாலையின் வாயில், கட்டுமானப் பணியிடம், மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு, விமான நிலையம் ஆகிய இடங்களில் தொங்கும் பலகைகளில் இந்த இரண்டு வினைகளையும் பெரும்பாலும் காண முடியாது. அங்கெல்லாம் எழுதியிருப்பது ‘ச்சுரிப்’ என்னும் சொல். அதன் வினை வடிவம் ‘ச்சுரிப்பதா’. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் இருந்து படிப்புக்காகவோ வேலைக்காகவோ கொரியா செல்ல எண்ணுபவர்கள், பாடநூல் அதைச் சொல்லித்தரும் வரை காத்திராமல், தொடக்கத்திலேயே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடையில் விலை கேட்கும்போது நேரும் பிழையைச் சிரித்துக் கடந்துவிடலாம். இயந்திரக் கூடத்தின் கதவில் உள்ள பலகையைப் படிக்கத் தெரியாமல் உள்ளே நுழைவது அப்படிப்பட்டதன்று.

இந்த வினையைப் பற்றி முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. ‘துரொகதா’ கால் நகர்வதைச் சொல்கிறது. ‘ச்சுரிப்பதா’ ஓர் இடத்திற்குள் போய்வரும் உரிமையைச் சொல்கிறது. யார் போய்வரலாம், எந்தக் கதவு வழியாகப் போய்வரலாம், யாருடைய அனுமதியோடு போய்வரலாம் என்னும் கேள்விகளில் ஒன்றாவது எழும் இடத்தில்தான் இந்த வினைக்கு வேலை இருக்கிறது.

இரண்டு அசைகளும் அவற்றின் குடும்பங்களும்

‘ச்சுல்’ என்றால் வெளியேறுதல். ‘இப்’ என்றால் உட்புகுதல். இரண்டும் சீன எழுத்துவழி கொரிய மொழிக்குள் வந்த வேர்கள். தமிழில் ‘உள்ளே போனான்’ என்பதற்கும் ‘பிரவேசம் செய்தான்’ என்பதற்கும் உள்ள நடை வேறுபாடுதான் அங்கே ‘துரொகதா’வுக்கும் ‘ச்சுரிப்பதா’வுக்கும் இடையே உள்ளது. வினையாக்கும் முறையும் நமக்குப் புதிதன்று: ‘பிரவேசம்’ என்னும் பெயரோடு ‘செய்’ சேர்வதைப் போல, ‘ச்சுரிப்’ என்னும் பெயரோடு ‘ஹதா’ சேர்கிறது. வெளியேறுதல் முதலிலும் உட்புகுதல் பின்னுமாக அமைந்த வரிசை ‘போக்குவரத்து’ என்னும் நம் சொல்லிலும் இருப்பதால், அதை மனப்பாடம் செய்யத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை.

இந்த இரண்டு அசைகளையும் பிரித்து அறிந்துகொண்டால், ஒரு சொல்லுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு டஜன் சொற்கள் கைக்கு வரும். ‘ச்சுல்கு’ வெளிவாயில், ‘இப்கு’ உள்வாயில், ‘ச்சுரிப்கு’ போகவும் வரவும் பயன்படும் வாயில். ‘ச்சுல்பல்’ புறப்பாடு, ‘இபக்’ பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்தல், ‘இப்வொன்’ மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்தல். கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழும் ஓசூரின் ரோஜாவும் வெளிநாட்டுக்குப் போவது ‘ஸுச்சுல்’, அதாவது ஏற்றுமதி. அதன் எதிர்ச்சொல்லான ‘ஸுஇப்’ இறக்குமதி. சியோல் சுரங்க ரயில் நிலையங்களில் வாயில்களுக்கு எண் இட்டு ‘முதல் எண் ச்சுல்கு’, ‘இரண்டாம் எண் ச்சுல்கு’ என்று அழைப்பது வழக்கம். நண்பரைச் சந்திக்கவும் கடைக்கு வழி சொல்லவும் அந்த எண்ணையே பயன்படுத்துவார்கள். நிலையத்திற்குள் நுழைபவருக்கும் அது ‘ச்சுல்கு’வாகவே இருக்கும்.

ஒலிப்பதில் கவனம்

எழுத்தில் ‘ச்சுல்’ என்றும் ‘இப்’ என்றும் தனித்தனியாக நிற்பவை, பேச்சில் ‘ச்சுரிப்’ என்று ஒன்றாகிவிடுகின்றன. மெய்யின்மேல் உயிர் ஏறும் புணர்ச்சியைப் பள்ளியிலேயே படித்த நமக்கு இது எளிது. ஒன்றை மட்டும் கூடுதலாக அறிய வேண்டும்: அசையின் இறுதியில் லகரமாக ஒலிக்கும் அந்தக் கொரிய எழுத்து, அதன்மேல் உயிர் ஏறியதும் ரகரமாக ஒலிக்கும். ‘ச்சுல்கு’வில் உள்ள லகரமும் ‘ச்சுரிப்’பில் உள்ள ரகரமும் ஒரே எழுத்துதான்.

முதல் ஒலியான ‘ச்சு’, ‘பச்சை’யில் வரும் சகரத்தை மூச்சுக் காற்றோடு தள்ளிச் சொல்வது. தமிழ் எழுத்தில் இதற்குத் தனி வடிவம் இல்லை. ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த எழுத்து வரிசையில் சகரத்தை அடுத்து வரும் மகாப்பிராண எழுத்தை நினைத்துக்கொண்டால் அவர்களுக்கு இந்த ஒலி உடனே பிடிபடும். மற்றவர்கள் உள்ளங்கையை வாயருகே பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்க்கலாம். கையில் காற்று பட்டால் ஒலிப்பு சரி.

வினையாகும்போது மற்றொரு மாற்றம் நேர்கிறது. ‘ச்சுரிப்’பின் பகரமும் ‘ஹதா’வின் ஹகரமும் சேர்ந்து மூச்சோடு கூடிய ஒற்றைப் பகரமாகின்றன, அதனால் ‘ச்சுரிப்-ஹதா’ என்று பிரிக்காமல் ‘ச்சுரிப்பதா’ என்றே சொல்ல வேண்டும். இந்தப் பகரத்திற்கு உதடு இரண்டும் முழுமையாக மூடித் திறக்க வேண்டும். ‘ஃபேன்’ என்பதில் வருவது போலப் பல் உதட்டில் உரசக் கூடாது. பெயர்ச்சொல்லாகத் தனித்து நிற்கும்போது ‘ச்சுரிப்’ என்று உதட்டை மூடியதோடு நிறுத்திவிட வேண்டும். வல்லின மெய்யில் முடியும் பிறமொழிச் சொற்களுக்கு ஓர் உகரத்தைச் சேர்த்து ‘ஷாப்பு’, ‘கேட்டு’ என்று சொல்வது நம் இயல்பு. அந்த இயல்பை இங்கே அடக்கிக்கொள்வதுதான் தமிழருக்கு உண்மையான பயிற்சி.

கதவைக் குறிக்கும் ‘முன்’ என்னும் சொல் சேரும்போது பகரம் மகரமாகி ‘ச்சுரிம்முன்’ என்று ஒலிக்கும். கதவு மூடப்போகிறது என்று சுரங்க ரயிலில் அறிவிக்கும்போது காதில் விழுவது இந்தச் சொல்தான். தடையைக் குறிக்கும் ‘கும்ஜி’ சேர்ந்தால் ‘ச்சுரிப்க்கும்ஜி’. இதில் வரும் உகரம் ‘பாக்கு’ என்பதன் இறுதியில் வரும் குற்றியலுகரத்தைப் போல உதடு குவியாமல் ஒலிக்கும். ‘ச்சு’வில் உள்ள உகரமோ ‘பசு’வின் உகரம் போல உதடு குவிந்து வரும். கொரிய மொழியில் இவை இரண்டும் வெவ்வேறு உயிரெழுத்துகள் என்பதால், இந்த வேறுபாட்டைப் பிறப்பிலேயே பெற்றிருக்கும் தமிழர் அதைக் கைவிடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பலகையிலிருந்து வாக்கியத்துக்கு

வினையை அட்டவணை போட்டுத் தொடங்குவதைவிடப் பலகையில் தொடங்குவதே நல்லது. கொரியாவில் மிகுதியாகக் காணப்படும் எச்சரிக்கைப் பலகைகளுள் ஒன்று ‘க்வான்கேஜா வே ச்சுரிப்க்கும்ஜி’. ‘க்வான்கேஜா’ சம்பந்தப்பட்டவர், ‘வே’ தவிர, ‘ச்சுரிப்’ போக்குவரவு, ‘க்கும்ஜி’ தடை. ‘சம்பந்தப்பட்டவர் தவிரப் பிறர் நுழையத் தடை’ என்று நாம் எழுதும் அதே வரிசையில் அந்தப் பலகையும் அமைந்திருக்கிறது. தமிழில் சிந்தித்துக்கொண்டே சொற்களை மாற்றிப் போட்டாலும் வாக்கியம் சிதையாமல் நிற்பது கொரிய மொழி நமக்குத் தரும் பெரிய வசதி. அதனால் இடையில் வேறொரு மொழியை வைத்து மொழிபெயர்க்காமல் தமிழிலிருந்து நேராகக் கற்பதே நல்லது.

அடுத்து இதே செய்தியை முழு வாக்கியமாக்கிப் பார்க்க வேண்டும். ‘ச்சுரிப்பல் ஸு ஒப்ஸும்னிதா’ என்றால் ‘போய்வர இயலாது’ என்று பொருள். இதில் ‘ஸு’ வழி, ‘ஒப்ஸும்னிதா’ இல்லை. அதாவது ‘உள்ளே போக வழியில்லை’ என்று நாம் சொல்வதன் அமைப்பே இது. ‘இல்லை’ இருந்த இடத்தில் ‘இருக்கிறது’ என்னும் ‘இஸ்ஸும்னிதா’ வந்தால் அனுமதி ஆகிவிடும்: ‘ஜிகுவொன்மன் ச்சுரிப்பல் ஸு இஸ்ஸும்னிதா’, பணியாளர்கள் மட்டும் போய்வரலாம். ‘மன்’ என்பது நம் ‘மட்டும்’.

வாயிலைக் குறிப்பிடும்போது ‘வழியாக’ என்னும் பொருள் தரும் ‘உரோ’ என்னும் உருபு வருகிறது. ‘ஜொங்முனுரோ ச்சுரிப்பஷிப்ஷியோ’ என்றால் ‘முதன்மை வாயில் வழியாகப் போய்வாருங்கள்’. இந்த வினையின் முழு இயல்பையும் காட்டும் வாக்கியமாக நான் இதைக் கருதுகிறேன். ஏனெனில் உள்ளே வருவது, வெளியே போவது ஆகிய இரண்டுக்கும் அதே கதவைப் பயன்படுத்த வேண்டும் என்பதை வேறொரு வினையைச் சேர்க்காமல் இது சொல்லிவிடுகிறது. இடத்தைக் குறிக்கும்போது ‘ஏ’ என்னும் இட உருபும் வரலாம், நம் ஐகாரத்துக்கு இணையான ‘உல்’ அல்லது ‘ருல்’ என்னும் உருபும் வரலாம். இரண்டும் வழக்கில் உள்ளன.

வேலைக்குச் செல்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றொரு பலகை, ‘ச்சுரிப் ஷி அன்ஜொன்மோருல் ச்சாகியொங்ஹஷிப்ஷியோ’ என்பது: ‘உள்ளே செல்லும்போது பாதுகாப்புத் தலைக்கவசம் அணியுங்கள்.’ ‘ஷி’ என்பது ‘போது’. காவலர் ‘ச்சுரிப்ச்சுங்’ என்று தொடங்கி ஏதேனும் கேட்டால், சிப்காட் வாயிலில் நாம் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பாஸைத்தான் கேட்கிறார். மீதி வாக்கியம் புரியாவிட்டாலும் அட்டையை எடுத்துக் காட்டிவிடலாம்.

எங்கே இதைத் தவிர்க்க வேண்டும்

ஒருமுறை அறைக்குள் போனதைச் சொல்ல இந்த வினை பொருந்தாது. ‘நேற்று மாலை அறைக்குள் போனேன்’ என்பதற்கு ‘துரொகஸ்ஸொயோ’ என்றே முடிக்க வேண்டும். நண்பர் வீட்டுக்கு அடிக்கடிப் போய்வருவதைச் சொல்லக் கொரிய மொழிக்கே உரிய ‘துனாதுல்தா’ என்னும் வினை இருக்கிறது. அங்கே ‘ச்சுரிப்பதா’வைப் போட்டால் பேச்சு அலுவலக அறிக்கை போல விறைத்துப்போகும்.

ஓசூரிலிருந்து ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் இந்த இடத்தில் இன்னும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். போவதும் வருவதும் அதில் இருப்பதால் ‘ச்சுரிப்பதா’ பொருந்தும் என்று தோன்றும்; ஆனால் வேலைக்குச் செல்வது ‘ச்சுல்குன்’, வேலை முடிந்து புறப்படுவது ‘த்வேகுன்’, இரண்டும் சேர்ந்தது ‘ச்சுல்த்வேகுன்’. பேருந்துப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லையும், சேர்ந்த இடத்தில் வாயிலுக்குள் அனுமதி கிடைப்பதைப் பற்றிப் பேசும்போது ‘ச்சுரிப்’பையும் பயன்படுத்த வேண்டும்.

மற்றபடி இந்தச் சொல்லுக்கு ஒரு சிறப்புப் பயன்பாடும் உண்டு: குறிப்பிட்ட அரசு அலுவலகத்தின் செய்திகளைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்று அங்கே போய்வரும் நிருபரை ‘ச்சுரிப்கிஜா’ என்பார்கள். ‘உரிமை’ என்னும் பொருள் இந்தச் சொல்லில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு இதுவே போதிய சான்று.

நம் ஊரிலேயே பயிற்சி

பயிற்சிக்குக் கொரியாவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அன்றாடம் கடக்கும் வழியில் உள்ள தமிழ்ப் பலகைகளைப் பார்த்து, அவற்றுள் எது ‘ச்சுரிப்’பால் சொல்லத் தக்கது, எது வேறு சொல்லைக் கேட்பது என்று பிரித்துப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. காவிரியில் நீர்வரத்து கூடும்போது ஒகேனக்கல்லில் மாவட்ட நிர்வாகம் விதிக்கும் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். அருவிக்குச் செல்லும் நடைபாதையை அடைத்திருந்தால் அது ‘ச்சுரிப் தொங்ஜே’, அதாவது போக்குவரவுக் கட்டுப்பாடு. கனமழையின்போது ஹான் ஆற்றங்கரைப் பூங்காக்களை மூடும்போது கொரியச் செய்திகளில் வருவதும் இதுவே. குளிக்கத் தடை என்றால் ‘ச்சுரிப்’ பொருந்தாது. நீருக்குள் இறங்குவதைக் குறிக்கும் ‘இப்ஸு’வோடு ‘க்கும்ஜி’யைச் சேர்க்க வேண்டும். பரிசல் இயக்கத் தடை என்பது இரண்டிலும் சேராது. மூன்று தடைகளும் ஒரே செய்தியில் வருவதால், நாளிதழின் அந்தப் பத்தியை வெட்டி எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, ஒவ்வொரு தொடரின் அருகிலும் அதற்குரிய கொரியச் சொல்லைக் கொரிய எழுத்திலேயே எழுதிவைத்தால், அகராதியில் தேடிப் படிப்பதைவிட அது நெடுநாள் நினைவில் நிற்கும்.

பேச்சுப் பயிற்சிக்கு இருவர் சேர்ந்து, ஒருவர் வாயில் காவலராகவும் மற்றவர் உள்ளே செல்ல வேண்டியவராகவும் இருந்து, மேலே உள்ள வாக்கியங்களை மாறி மாறிச் சொல்லலாம். காவலராக இருப்பவர் ‘ஷிப்ஷியோ’ என்னும் மரியாதை ஈற்றை விடாமல் சொல்ல வேண்டும்.

நாட்டுக்குள் நுழையும்போது

நாட்டைக் குறிக்கும் ‘குக்’ சேர்ந்தால் ‘ச்சுரிப்குக்’: ஒரு நாட்டின் எல்லைக்குள் வருவதும் அதைவிட்டுச் செல்வதும். 1963-இல் இயற்றப்பட்ட கொரியக் குடிநுழைவுச் சட்டத்தின் பெயரே இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. விமான நிலையத்தில் வந்திறங்கியதும் ‘இப்குக்’ என்று எழுதிய வரிசையில் நிற்க வேண்டும். ஊர் திரும்பும்போது ‘ச்சுல்குக்’. அங்கே 90 நாள்களுக்கு மேல் தங்குபவர்கள், நாட்டுக்குள் வந்ததிலிருந்து 90 நாள்களுக்குள் வெளிநாட்டவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குச் செல்லும் அலுவலகத்தின் பெயர்ப் பலகையிலும் முதலில் நிற்பது ‘ச்சுரிப்குக்’தான். படிவத்தில் ‘இப்குகில்’ என்று கேட்கும் கட்டத்தில் நாட்டுக்குள் நுழைந்த தேதியை, கொரிய வழக்கப்படி ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுத வேண்டும்.