இ-புக்கா, அச்சு புக்கா? டெல்டா பக்கம் இருக்கிறவங்க எப்படி முடிவு பண்றது

இ-புக் நல்லதா அச்சு புக் நல்லதான்னு பொதுவா கேட்டா பதில் கிடைக்காது, ஒவ்வொரு புக்குக்கும் தனித்தனியா கேக்கணும். இந்த புக்கை எங்க உக்காந்து படிக்கப் போறேன், படிச்சு முடிச்சா இது யார் கைக்குப் போகும், இந்த ரெண்டு கேள்வி போதும்.

தினமும் கும்பகோணத்துலேந்து தஞ்சாவூருக்கு பஸ்லயோ ரயில்லயோ போய் வர்றவங்களுக்கு இ-புக்தான் சரி. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், அதை பையில போட்டு தூக்கிட்டு நின்னுகிட்டே போக முடியாது, இ-புக் படிக்கிறதுக்குன்னே இருக்கிற ரீடர்னா அஞ்சும் ஒரு கைக்குள்ள அடங்கிடும். ரீடர்ல இருக்கிற, தாள் மாதிரி தெரியற இ-இங்க் ஸ்க்ரீன் வெயில்ல கண்ணு கூசாம தெளிவா தெரியும், போன் ஸ்க்ரீன் வெயில்ல ஒண்ணுமே தெரியாது.

ஆனா எடுத்த உடனே ரீடர் வாங்காதீங்க, புதுசு 10,000 ரூபாய்க்கு மேல ஆயிடும். முதல்ல இருக்கிற போன்லயே ஒரு முழு நாவல் படிச்சுப் பாருங்க, டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு. காசே செலவாகாது, கல்கி எழுதினதெல்லாம் நாட்டுடைமை, தமிழ் நூல்களை நெட்ல இலவசமா போடற, 1998லேந்து நடக்கிற மதுரைத் திட்டத்துல அவர் நாவல்லாம் இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துலயும் விக்கிமூலத்துலயும் பழைய புக்கு ஏராளமா கிடைக்குது. நாவல் முடியற வரைக்கும் கை போன்ல வேற பக்கம் போகலைன்னா ரீடர் வாங்குங்க, உங்களுக்கு நிச்சயம் உதவும்.

தமிழ் புக்கு டவுன்லோட் பண்றப்ப ஃபைலை நல்லா கவனிங்க, நிறைய பேர் இங்கதான் வெறுத்துப்போய் விட்டுடறாங்க. ஸ்கேன் பண்ண பிடிஎஃப் வெறும் படம்தான், ஆறு இஞ்ச் ஸ்க்ரீன்ல எழுத்து பொடிப்பொடியா தெரியும், பெருசாக்கினா ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகத்திகிட்டே இருக்கணும். இபப்னு (EPUB) இ-புக்குக்குன்னே இருக்கிற ஃபைல் கிடைச்சா அதையே எடுங்க, எழுத்தை பெருசாக்கினா வரி தானா மடங்கிக்கும். அப்புறம் ரெண்டு ஓரமும் சமமா இருக்கிற அலைன்மென்ட்டை மாத்தி இடது பக்கம் மட்டும் சேர்ற மாதிரி வச்சுக்குங்க, தமிழ்ல வார்த்தை நீளமா இருக்கிறதால சின்ன ஸ்க்ரீன்ல நடு நடுவுல பெரிய இடைவெளி விழும், அது கண்ணை ரொம்ப தொந்தரவு பண்ணும். காசு கொடுத்து வாங்கறதா இருந்தா அமேசானோட கிண்டில்ல சாம்பிள் இலவசம், அதுல எழுத்துப்பிழை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க.

அச்சுல வாங்க வேண்டியது எதுன்னா திரும்பத் திரும்ப எடுக்கிற புக்கு, சமையல் புக்கு, கவிதை, குழந்தைங்க படப் புக்கு, வீட்ல அப்பாயியும் படிக்கிற புக்கு. அச்சு புக்குக்கு இருக்கிற பெரிய பலம் அது நாலு கை மாறும்ங்கிறதுதான், பக்கத்து வீட்டு அக்காவுக்கு கொடுத்து அவங்க படிச்சுட்டு வந்து பேசுறாங்களே அந்த சந்தோஷத்தை நான் எதுக்காகவும் விட மாட்டேன். கிண்டில்ல காசு கொடுத்து எடுக்கிறது படிக்கிற உரிமை மட்டும்தான், புக்கு நம்ம சொத்து இல்ல, அதைப் போய் ஒருத்தர் கையில கொடுக்க முடியாது.

ஆனா நம்ம ஊர்ல அச்சு புக்கு வச்சிருந்தா பராமரிக்கணும். ஐப்பசி கார்த்திகை அடைமழைல சுவரே ஈரம் குடிச்சு நிக்கும், அலமாரியை சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க, கீழ் தட்டை காலியா விட்டுடுங்க, புக்கை நெருக்கி அடுக்காதீங்க. ராமபாணப் பூச்சி வராம இருக்க வசம்பு துண்டோ காஞ்ச வேப்பிலையோ போட்டு வைப்பாங்க, அதோட மாசம் ஒரு தடவை எல்லாத்தையும் எடுத்து தூசி தட்டுங்க, பூச்சிக்கு ஆள் நடமாட்டமே ஆகாது. நனைஞ்ச புக்கை வெயில்ல போட்டுடாதீங்க, தாள் நெளிஞ்சுபோயிடும், நிழல்ல ஃபேன் காத்துல பக்கத்தை விரிச்சு நிக்க வைங்க.

2018 நவம்பர் கஜா புயலப்ப வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் பல நாள் கரண்ட் இல்ல. அந்த மாதிரி நேரத்துல போன் சார்ஜை புக்கு படிக்க செலவு பண்ண முடியாது, ரீடர் ஒரு சார்ஜ்ல வாரக்கணக்குல ஓடும், அதனால ரீடர் வச்சிருக்கிறவங்க புரட்டாசி முடியறதுக்குள்ள பத்து பதினஞ்சு புக்கு டவுன்லோட் பண்ணி வச்சுக்குங்க.

எதுல வாங்கறதுன்னு அப்பவும் குழப்பமா இருந்தா பக்கத்துல இருக்கிற கிளை நூலகத்துல அந்த புக்கை எடுத்துப் படிங்க, முடிச்சப்புறம் திருப்பிக் கொடுக்க மனசு வரலைன்னா அடுத்த புத்தகத் திருவிழால பத்து பர்சன்ட் தள்ளுபடில அச்சுலயே வாங்கிடுங்க.